நகையை அடகு வைத்து மூளைத் தூண்டல் சிகிச்சை எடுக்கலாமா?

கேள்வி: ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிறோம். மூன்று ஏக்கர் காப்பி, ஊடே மிளகு. என் மகளுக்கு 27 வயது. சேலத்தில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது மார்க் குறைய ஆரம்பித்தது. மூன்றாம் வருஷம், யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்றாள். மனச்சிதைவு என்று டாக்டர் சொன்னார். ஆறு வருஷமாக மாத்திரை. இப்போது குரல் கேட்பதில்லை, சண்டை இல்லை, தூங்குகிறாள். ஆனால் பழைய பிள்ளையாக இல்லை. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். மூன்று சாமான் வாங்கக் கடைக்கு அனுப்பினால் ஒன்றோடு வருகிறாள். சீரியல் கதை புரியவில்லை என்று எழுந்து போய்விடுகிறாள். அவள் மாமா சோம்பேறித்தனம் என்கிறார். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சேலத்தில் ஒரு தனியார் மையத்தில் தலையில் கரண்ட் வைத்து 30 சிட்டிங், கூடவே கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சி, இரண்டும் சேர்த்து ஒரு பேக்கேஜ் என்கிறார்கள். என் வளையலை அடகு வைத்தால்தான் முடியும். இது ஷாக் ட்ரீட்மெண்டா? செய்தால் பழையபடி ஆகிவிடுவாளா? இன்னொன்று. கார்த்திகையில் பழம் எடுப்பு ஆரம்பித்தால், ஆட்கள் எடுத்துவரும் பழத்தை எடை போட்டுக் கணக்கு எழுத இவளை உட்காரவைக்கலாமா என்று அவள் அப்பா கேட்கிறார். தப்பாக எழுதி நாலு பேர் முன்னால் அவமானமாகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத தாய், சேர்வராயன் மலை

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

வளையலை அடகு வைக்க வேண்டாம். பழம் எடுப்புக் கணக்குக்கு மகளை உட்காரவையுங்கள். கடிதத்தின் கடைசியில் தயங்கித் தயங்கி நீங்கள் கேட்டிருக்கும் அந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. கார்த்திகைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இந்தப் பதிலில் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் மாமாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். உங்கள் மகளிடம் இருப்பது சோம்பேறித்தனம் இல்லை. மனச்சிதைவு என்றால் குரல் கேட்பது, சந்தேகப்படுவது என்று மட்டும்தான் ஊரில் நினைக்கிறார்கள். கவனம், ஞாபகம், யோசிக்கும் வேகம், ஒரு வேலையைத் திட்டமிட்டுத் தொடங்கி முடிப்பது ஆகியவை குறைவதும் அதே நோயின் பகுதி. எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மன் மருத்துவர் 1890-களில் இந்த நோயை விவரித்தபோதே கவனச் சிதறலைக் குறித்துவைத்தார். பலருக்குக் குரல் கேட்பதற்கு முன்பே இந்தக் குறை தலைகாட்டிவிடும். இரண்டாம் வருஷத்தில் மார்க் குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போதே தொடங்கியிருக்கலாம். அந்த வருஷம் படிக்கவில்லை என்று அவளைத் திட்டியிருந்தால், அதை நினைத்து இப்போது உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் எந்தப் பெற்றோருக்கும் அது தெரிந்திருக்காது.

நீங்கள் சொன்ன மூன்றையும் எடுத்துக்கொள்வோம். பால் பொங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பார்த்ததிலிருந்து கை அடுப்புக்குப் போவதற்குள் நேரமாகிவிடுகிறது. மூன்று சாமானைக் காதில் வாங்குகிறாள், வழியில் இரண்டு நழுவிவிடுகிறது. சீரியலில் நாலு பேர் மாறி மாறிப் பேசும்போது, முன்னால் சொன்னதை மனதில் பிடித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்க வேண்டும். அது முடியாதபோது எழுந்து போவதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. உங்கள் ஊர் பஸ் இருபது கொண்டை ஊசி வளைவிலும் முதல் கியரிலேயே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜினில் பழுது இல்லை, ஏற்றம் அப்படி. உங்கள் மகளின் மனம் இப்போது அந்த ஏற்றத்தில் இருக்கிறது.

குரல் நின்றுவிட்டதே, மாத்திரை இதையும் சரிசெய்யக் கூடாதா என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். மனச்சிதைவுக்கு நாம் கொடுக்கும் மாத்திரைகள் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் மிகுதியான ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அதனால் குரலும் சந்தேகமும் அடங்குகின்றன. கவனமும் ஞாபகமும் அந்த வழியில் பெரிதாகத் திரும்புவதில்லை. இதற்கென்றே தனி மாத்திரை கண்டுபிடிக்க உலகம் முழுக்க முயன்றிருக்கிறார்கள். ஐக்லெபெர்டின் என்ற மருந்தின் மேல் நிறைய நம்பிக்கை வைத்திருந்தார்கள். அதுவும் கடைசிக் கட்ட ஆய்வுகளில் தேறவில்லை என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆகவே ஞாபகசக்தி டானிக் என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள்.

புத்தியைக் கூர்மையாக்கும் மாத்திரைதான் இல்லையே தவிர, மந்தமாக்கும் மாத்திரை உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அவளுடைய மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற பெயர் இருக்கிறதா? கை நடுங்காமல், தசை இறுகாமல் இருக்க, முக்கிய மாத்திரையோடு சேர்த்து எழுதிக் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் சிலருக்கு அது அவசியம். ஆனால் அது ஞாபகத்தைக் குறைக்கக்கூடிய மருந்து. எல்லோருக்கும் ஆண்டுக்கணக்கில் தேவைப்படுவதும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய சீட்டை அப்படியே காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி என்றால், செலவு இல்லாமல் கிடைக்கக்கூடிய முதல் முன்னேற்றம் இங்கேதான் இருக்கிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வாந்தியும் தூக்கமின்மையும் வரலாம். குரலுக்கான மாத்திரை எது, நடுக்கத்துக்கானது எது என்று தெரியாமல் மாற்றி நிறுத்திவிட்டால் நோயே திரும்பிவிடும். டாக்டரிடம் அட்டையைக் காட்டி, "இந்த மாத்திரை இன்னும் வேணுமா டாக்டர், மெதுவா குறைக்கலாமா?" என்று கேளுங்கள். குரலுக்கான மாத்திரையின் அளவையும், எந்த நேரத்தில் கொடுப்பது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். காலை பத்து மணி வரை அவள் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாள் என்றால், அதில் ஒரு பகுதி மாத்திரையாலும் இருக்கலாம்.

அதே நாளில் ரத்தம் கொடுத்துத் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். இவற்றில் ஏதாவது சரியாக இல்லாவிட்டாலும் ஒரு பெண் மந்தமாகத் தெரியக்கூடும். மனநோய் என்ற பெயர் ஒட்டிவிட்டால், மற்ற நோய்களைத் தேட எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டாக்டர்களும்தான்.

இப்போது கரண்டுக்கு வருகிறேன். அந்த மையத்தில் சொல்வது ஷாக் ட்ரீட்மெண்ட் இல்லை. ஷாக் என்று ஊரில் சொல்லப்படும் ஈசிடி 1938-ல் இத்தாலியில் தொடங்கியது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துவிட்டு, சில விநாடி மின்சாரத்தால் மூளையில் ஒரு வலிப்பை உண்டாக்குவார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் ஈசிடி கொடுப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. உயிருக்கே ஆபத்தான மனச்சோர்விலும், சாப்பிடாமல் பேசாமல் உறைந்துபோகும் நிலையிலும் அது பலரைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் மேல் உள்ள பயத்தால் தேவைப்படுபவர்களுக்குக் கிடைக்காமல் போவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். உங்கள் மகளுக்கு இப்போது அதற்கான தேவை எதுவும் இல்லை. சிலகாலம் ஞாபகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், நீங்கள் சொல்லும் குறைக்காக அதைக் கொடுக்கவும் மாட்டார்கள்.

மையத்தில் சொல்வது அநேகமாக டிடிசிஎஸ் என்பதாக இருக்கும். ஈரமான இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்துக் கட்டி, ஒன்று முதல் இரண்டு மில்லி ஆம்பியர் வரையிலான மிக மெல்லிய மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். அவள் விழித்தே இருப்பாள். பட்டை இருக்கும் இடத்தில் அரிப்பு, குறுகுறுப்பு, கொஞ்சம் சிவப்பு, சிலருக்குத் தலைவலி. இன்னொன்று ஆர்டிஎம்எஸ். அதில் காந்தச் சுருளைத் தலைக்கு அருகில் வைத்து டக் டக் என்று துடிப்புகள் கொடுப்பார்கள். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் காந்தத்தால் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. தலைக்குள் உலோகம், காதுக்குள் கருவி வைத்தவர்களுக்கு அதைச் செய்யக் கூடாது. அபூர்வமாக வலிப்பு வரலாம் என்பதால், முன்பு வலிப்பு வந்தவர்கள் அதை அவசியம் சொல்லிவிட வேண்டும்.

இவை இரண்டுமே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில், மருந்து எடுத்தும் நிற்காத குரல்களுக்கு டிடிசிஎஸ் கொடுத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். உலகில் சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. ஆனால் உங்கள் மகளுக்குக் குரல் மாத்திரையிலேயே நின்றுவிட்டது. கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் என்று பார்த்தால், சிறிய ஆய்வுகள் சிலவற்றில் கொஞ்சம் முன்னேற்றம், வேறு சிலவற்றில் பட்டையை வைத்துவிட்டு மின்சாரம் செலுத்தாமல் விட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் இப்படித்தான் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. ஆராய்ச்சியாகச் செய்யும் இடத்தில், காசு வாங்காமல், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு அழைத்தால் யோசிக்கலாம். இந்த நிலையில் உள்ள ஒன்றுக்கு மலைக் குடும்பம் ஒன்று வளையலை அடகு வைக்கும்படி ஆசைகாட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

இதன் வேலை எப்படி என்று தெரிந்தால் உங்களுக்கே விளங்கும். அந்த மெல்லிய மின்சாரத்துக்கு நரம்பணுக்களை வேலை செய்யவைக்கும் வலு கிடையாது. அவை எளிதில் கிளம்பும் நிலையிலோ, அதற்கு மாறான நிலையிலோ கொண்டுபோய் வைக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் மூளை என்ன வேலை செய்கிறதோ அது வலுப்படும் என்பதுதான் இதன் பின்னால் உள்ள எண்ணம். அப்படியானால் அந்த 20 நிமிடமும் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்பது பெரிய கேள்வி. மையத்துக்குப் போனால் அதைக் கேளுங்கள். "சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், போன் பார்க்கலாம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தலையில் எந்த இடத்தில் வைக்கிறீர்கள், மனநல மருத்துவர் உடன் இருக்கிறாரா, பயிற்சிக்கு முன்பும் பின்பும் எதை வைத்து அளக்கிறீர்கள், பலன் இல்லாவிட்டால் எத்தனையாவது சிட்டிங்கில் நிறுத்துவீர்கள் என்பதையும் கேளுங்கள். ஆன்லைனில் இதே வகைக் கருவிகள் விற்கிறார்கள், ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும். வாங்கி வீட்டில் வைத்துச் செய்துபார்க்க வேண்டவே வேண்டாம்.

பணத்தைத் தவிர இன்னொரு செலவும் இருக்கிறது. 30 நாள் தொடர்ந்து மலை இறங்கி ஏற வேண்டும். தோட்டத்து வேலை உங்களுக்கும் அவள் அப்பாவுக்கும் போய்விடும். இறங்க ஒரு மணி நேரம், ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல், நடுவில் காத்திருப்பு. அன்றைக்கு அவளுக்கு மிஞ்சும் தெம்பெல்லாம் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும். அந்தத் தெம்பை வேறு இடத்தில் செலவழித்தால் அதிகப் பலன் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

அந்த வேறு இடம்தான் பயிற்சி. மெஷினைவிட இதற்குச் சான்று பலமாக இருக்கிறது. 2021-ல் இத்தாலியைச் சேர்ந்த அந்தோனியோ வீட்டா குழுவினர், மனச்சிதைவு உள்ளவர்களுக்கான அறிவாற்றல் பயிற்சி பற்றி வெளிவந்த 130 ஆய்வுகளை, 8,851 பேரின் விவரங்களோடு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் உண்டு. பெரிய அளவில் இல்லை, சிறியது முதல் நடுத்தரம் வரை. கவனமும் ஞாபகமும் கொஞ்சம் கூடின, அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பதும் கொஞ்சம் கூடியது. கூடவே பயிற்சி தெரிந்த ஒரு ஆள் உட்கார்ந்து வழிநடத்துவது, எப்படி யோசிப்பது என்ற உத்தியைச் சொல்லிக்கொடுப்பது, திரும்பத் திரும்பச் செய்வது, அதை நிஜ வாழ்க்கையின் வேலையோடு இணைப்பது ஆகிய நான்கும் இருக்கும்போது பலன் கூடுகிறது. குறைவாகப் படித்தவர்களுக்கும், நோய்க்குறிகள் அதிகம் இருந்தவர்களுக்கும் இது நன்றாகவே உதவியது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. படிப்பிலேயே மார்க் குறைந்துவிட்டதே, இவளால் முடியுமா என்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

இந்த நான்கில் கம்ப்யூட்டர் என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். கம்ப்யூட்டரில் செய்வதும் ஒரு வழிதான். ஆனால் தனியாக ஒரு திரையின் முன் உட்காரவைத்து விளையாட்டு விளையாடச் சொன்னால், அந்த விளையாட்டில் அவள் கெட்டிக்காரியாவாள். பால் அப்போதும் பொங்கி வழியும்.

நிம்ஹான்ஸில் முதல்முறையாக மனச்சிதைவு வந்தவர்களிடம், வீட்டிலேயே இரண்டு மாதம் செய்யும் பயிற்சி ஒன்றைச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். சில திறன்களில் முன்னேற்றம் தெரிந்தது. உங்கள் மகளுக்கு நோய் வந்து ஆறு வருஷமாகிவிட்டது, அதனால் அதே அளவு எதிர்பார்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கவனப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று தானியம் பிரிப்பது. கலந்துவைத்த தானியத்தை வகைவகையாகப் பிரித்து, எவ்வளவு நேரமானது, எத்தனை தவறு என்று எழுதுவார்கள். காப்பித் தோட்டத்து வீட்டில் இருக்கும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எங்கே கிடைக்கும்?

இப்படித் தொடங்குங்கள். அவள் தெளிவாக இருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அநேகமாகக் காலை சாப்பாட்டுக்குப் பிறகு. டிவியும் போனும் அணைந்திருக்கட்டும். ஒரு தட்டில் இரண்டு கைப்பிடி காப்பிக் கொட்டை. முதல் சில நாள் கறுப்புக் கொட்டையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். தவறே வராத அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும். மனச்சிதைவு உள்ளவர்களுக்குத் தப்புச் செய்து திருத்திக்கொள்வதைவிட, தப்பில்லாமல் சின்னச் சின்னதாக ஏறிப் போவது நன்றாகப் பதிகிறது. அது கை பழகியதும் கறுப்பு ஒரு கிண்ணம், உடைந்தது ஒரு கிண்ணம். பிறகு ஒற்றை மணியான பீபெரியையும் சேருங்கள். பிறகு நேரம் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முடிந்ததும், "எப்படிம்மா பிரிச்ச, எதை முதல்ல பார்த்த?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தான் யோசித்த விதத்தை அவளே வாய்விட்டுச் சொல்லும்போதுதான், அந்த உத்தியை அடுத்த வேலைக்கும் எடுத்துப் போகிறாள்.

மூன்றாம் வாரம் போல, போன வருஷத்துப் பழக் கணக்கு நோட்டை எடுங்கள். ஒரு ஆள் பெயரையும் எடையையும் நீங்கள் வாசியுங்கள். அவள் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டுப் புது நோட்டில் எழுதட்டும். கேட்டதும் திருப்பிச் சொல்வது, எழுதியதும் விரலை வைத்து ஒருமுறை பார்ப்பது. இந்த இரண்டு பழக்கமும் கை வந்துவிட்டால் பாதித் தவறு நின்றுவிடும். பிறகு வேகத்தைக் கூட்டுங்கள், நடுவில் யாராவது பேச்சுக் கொடுங்கள், அப்போதும் எண்ணைப் பிடித்துவைக்கிறாளா என்று பாருங்கள். கூட்டல் போட கால்குலேட்டர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நாளைக்குத் தோட்டத்தில் கால்குலேட்டர் இருக்கத்தானே போகிறது.

கடைக்குப் போகும்போது மூன்று சாமானை மூன்று விரலில் எண்ணிச் சொல்லிவிட்டுப் போகட்டும், கையில் சீட்டும் இருக்கட்டும். பாலுக்கு போனில் அலாரம் வையுங்கள். மூளையைப் பழக்குவது ஒரு பக்கம் நடக்கட்டும், வீட்டை அவளுக்கு ஏற்றபடி மாற்றுவதும் அதே அளவு சிகிச்சைதான். தினமும் அரை மணி நேரம் மூச்சு வாங்கும்படி நடக்கவையுங்கள். மூச்சு வாங்கச் செய்யும் உடற்பயிற்சி மனச்சிதைவு உள்ளவர்களின் கவனத்தையும் ஞாபகத்தையும் கூட்டுகிறது என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. மாத்திரையால் ஏறும் எடைக்கும் அது நல்லது. உங்கள் ஊரில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஏற்றம்தான்.

நீங்கள் தனியாக இதைச் சுமக்க வேண்டியதில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் வெளியூர் முகாம்கள் எங்கே, என்றைக்கு என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளர் ஒருவர் தொடக்கத்தில் அவளைச் சோதித்து, எந்தத் திறன் எவ்வளவு குறைவு என்று எழுதிக் கொடுத்தால், பயிற்சியை அதற்கேற்ப மாற்றலாம். மாதம் ஓரிரு முறை இறங்கினால் போதும். இரவு நேரத்தில் ஏதாவது குழப்பம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவர்கள் பாதிப்பைச் சோதித்துச் சான்றளித்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை கிடைக்கும். சலுகைகள் பலவற்றுக்குப் பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று பலர் அதை வாங்காமலேயே விட்டுவிடுகிறார்கள். முடிவு உங்களுடையதும் மகளுடையதும். விவரத்தை மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கல்யாணம் எந்த நோய்க்கும் மருந்து கிடையாது. அவளுக்கு விருப்பம் இருந்தால், நோயை மறைக்காமல், மருத்துவரிடம் பேசிவிட்டுச் செய்யலாம். இந்த வருஷம் அவசரப்பட்டுச் செய்ய வேண்டிய காரியம் இல்லை. மாமாவிடம் அவள் அப்பாவே பேசட்டும். வீட்டில் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டே இருக்கும் சூழலில் இந்த நோய் திரும்ப வருவது அதிகம் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். "சோம்பேறி" என்ற சொல் அவள் காதில் விழக் கூடாது. மருந்தை எவ்வளவு கண்டிப்பாகக் கொடுக்கிறீர்களோ, இதிலும் அவ்வளவு கண்டிப்பாக இருங்கள்.

பழையபடி ஆவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். பி.காம். முதல் வருஷத்தில் இருந்த அந்தப் பெண் அப்படியே திரும்பி வருவாள் என்று என்னால் சொல்ல முடியாது. யாராவது அப்படி உறுதி கொடுத்தால் அவரை நம்பாதீர்கள். இன்றைக்கு இருப்பதைவிட நன்றாக இருப்பாள், ஒரு வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொள்வாள் என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சூசன் மெக்கர்க் என்பவர், கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சியையும் நிஜ வேலையில் உடனிருந்து உதவுவதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். வேலை உதவி மட்டும் பெற்றவர்களைவிட, இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் அதிகம் பேர் வேலைக்குப் போனார்கள். அந்த நிஜ வேலை உங்கள் களத்து வாசலிலேயே கார்த்திகையில் வந்து நிற்கப்போகிறது. இவளை உட்காரவைக்கலாமா என்று அவள் அப்பாவுக்குத் தோன்றியதே, அதற்கு அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எப்படி உட்காரவைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் அவளிடமே கேளுங்கள். அவள் சம்மதிக்காமல் எதையும் தொடங்க வேண்டாம். நோட்டில் ஆட்களின் பெயரை முதல் நாள் இரவே வரிசையாக எழுதி, எடைக்கு மட்டும் கட்டம் விட்டு வையுங்கள். தராசில் அப்பா நிற்கட்டும், எடையைச் சத்தமாகச் சொல்லட்டும். அவள் திருப்பிச் சொல்லி எழுதட்டும், எழுதியதை ஆளிடம் காட்டட்டும். இது எல்லோருக்கும் பொதுவான முறை என்று முதல் நாளே அறிவித்துவிட்டால், அவளைச் சோதிப்பதாக யாருக்கும் தோன்றாது. ஆட்களுக்கும் தங்கள் கணக்கை உடனே கண்ணால் பார்த்த திருப்தி. முதல் வாரம் மூன்று நான்கு பேரின் கணக்கு மட்டும் அவளுடையது, மற்றதை அப்பா எழுதட்டும். தவறு வந்தால் அந்த இடத்திலேயே "பன்னெண்டரை, பாப்பா" என்று சாதாரணமாகச் சொல்லித் திருத்திவிட்டு அடுத்த மூட்டைக்குப் போங்கள். அப்பாவும்தான் சில நாள் தப்பாக எழுதுவார். சனிக்கிழமைக் கூலிப் பட்டுவாடாவை இந்த வருஷம் அவள் தலையில் ஏற்ற வேண்டாம். பணமும் கூட்டமும் சேரும் இடத்தில் பதற்றம் கூடும். அவள் எழுதிய நாட்களுக்கு மற்ற ஆட்களுக்கு என்ன கூலியோ அதையே அவள் கையிலும் கொடுங்கள். அதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.